வானத்தில் ஒரு மணி, தரையில் நாலு மணி: பல்லாவரம் சொல்லும் பயணக் கணக்கு

வெள்ளிக்கிழமை காலையில் பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டில் வேகமாக நடக்க முடியாது. கூட்டத்தோடு கூட்டமாக ஊர்ந்துதான் போக வேண்டும். ஒரு பக்கம் ரோஜா, செம்பருத்தி, மா ஒட்டுக் கன்றுகள். அடுத்து புறா, முயல், கோழிக்குஞ்சு. அதைத் தாண்டினால் பழைய மின்விசிறி, கதவு, ஜன்னல், மிக்சி, டார்ச் லைட். தார்ப்பாய் விரித்துக் காய்கறியைக் கூறு கட்டி விற்பவர்களும் உண்டு. தொடக்கத்தில் இது மாட்டுச் சந்தையாக இருந்தது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். இன்று மாட்டைத் தவிர மற்ற எல்லாம் கிடைக்கிறது.

இந்தச் சந்தைக்கு வேறு எந்தச் சந்தைக்கும் இல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை பேரம் தானாக நின்றுவிடும். தலைக்கு மேலே விமானம் போகும்போது விலை சொன்னாலும் காதில் விழாது. சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து பேரம் தொடரும். சென்னை விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம் என்று மூன்று ஊர்களின் மண்ணைச் சேர்த்து எழுந்த நிலையம் அது.

வெளிநாட்டில் பிள்ளைகள் வேலை பார்க்கும் கிராமத்துக் குடும்பங்களும், பூவையும் காயையும் வெளியூருக்கு அனுப்ப நினைக்கும் விவசாயிகளும் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘இங்கேயிருந்து அங்கே எவ்வளவு தூரம், விமானத்தில் எத்தனை மணி நேரம்?’ கேள்வி சின்னது. ஆனால், டிக்கெட்டில் இருக்கும் பதிலை மட்டும் நம்பிக் கிளம்பினால் கணக்கு தப்பிவிடும். சரியான பதிலைத் தெரிந்துகொள்ளப் பல்லாவரத்தைவிட நல்ல இடம் கிடையாது.

நூறு வருஷத்துக்கு முன்பே பறந்த ஊர்

பல்லாவரத்துக்கு வயது அதிகம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் இங்கேதான் ஆதி மனிதன் பயன்படுத்திய கல் கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்ததற்கான ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது. மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக் கோயிலும் இங்குள்ள குன்றில் உண்டு.

காலால் நடந்த மனிதனின் தடம் கிடைத்த அதே ஊரில்தான் விமானமும் பறந்து பார்த்தது. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்சன் கம்பெனியில் செய்து வாங்கிய விமானத்தை 1910-ல் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். பிறகுதான் தீவுத்திடலில் பொதுமக்களுக்குப் பறந்து காட்டினார்.

அடுத்த 22 வருஷத்தில் விமானம் தபால் சுமக்கத் தொடங்கியது. 1932 அக்டோபர் 15-ம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து அவரது கூட்டாளி நெவில் வின்சென்ட் அதை எடுத்துக்கொண்டு பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார். பம்பாய்க்கும் சென்னைக்கும் இடையே வான்வழியில் 1,030 கிலோமீட்டர். அன்று அதற்கு நடுவில் ஓர் இரவு தேவைப்பட்டது. இன்று இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

காக்கை வழியும் சாலை வழியும்

சாலை வளைந்து போகும். ரயில் பாதை ஊர் ஊராகத் தொட்டுப் போகும். விமானம் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். வயலில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு வரப்பைச் சுற்றிப் போவதற்கும் குறுக்கே நடப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. மதுரைக்கு எழும்பூரிலிருந்து ரயில் பாதையில் 493 கிலோமீட்டர். வான்வழியில் 420 கிலோமீட்டர்தான்.

சென்னை விமான நிலையத்திலிருந்து சில ஊர்களுக்கான வான்வழித் தூரமும், வழக்கமான பறக்கும் நேரமும் தோராயமாக இவை:

திருச்சி: 295 கி.மீ., 1 மணி நேரம்.
யாழ்ப்பாணம் (பலாலி): 355 கி.மீ., 1¼ மணி நேரம்.
கோவை: 405 கி.மீ., 1¼ மணி நேரம்.
மதுரை: 420 கி.மீ., 1¼ மணி நேரம்.
தூத்துக்குடி: 530 கி.மீ., 1½ மணி நேரம்.
கொழும்பு: 645 கி.மீ., 1½ மணி நேரம்.
சிங்கப்பூர்: 2,920 கி.மீ., 4¼ முதல் 4½ மணி நேரம்.
துபாய்: 2,935 கி.மீ., 4 முதல் 4½ மணி நேரம்.
பிராங்க்பர்ட் (ஜெர்மனி): 7,600 கி.மீ., சுமார் 10 மணி நேரம்.

இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் சில ஆச்சரியங்கள் தெரியும். சென்னைக்கு மதுரையைவிட யாழ்ப்பாணம் பக்கம். போர்க்காலத்தில் பல ஆண்டுகள் அறுந்து கிடந்த இந்த வழியில், 2019 நவம்பரில் விமானம் மீண்டும் பறந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பவும் தொடங்கியது. இன்னொன்று, கிழக்கே இருக்கும் சிங்கப்பூரும் மேற்கே இருக்கும் துபாயும் சென்னையிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். தமிழ்க் குடும்பங்கள் பிழைப்புக்குப் போகும் இரண்டு திசைகளுக்கும் பல்லாவரம் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது.

420 கிலோமீட்டருக்கு ஏன் ஒன்றேகால் மணி?

பெரிய ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அப்படியானால் மதுரைக்கு அரை மணி நேரம்தானே ஆக வேண்டும்? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம், சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுக்கும் நிமிடத்திலிருந்து, போன இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் நிமிடம் வரைக்குமான நேரம். மேட்டில் நிறுத்திய வண்டிச் சக்கரத்துக்குக் கல் கொடுப்போமே, அதே வேலையைத்தான் அந்தக் கட்டையும் செய்கிறது. கட்டையை எடுத்ததும் விமானம் பறந்துவிடாது. மெதுவாக உருண்டு ஓடுதளத்தின் முனைக்குப் போக வேண்டும். முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும் வரை வரிசையில் காத்திருக்க வேண்டும். மேலே ஏற 20 நிமிடம் போல ஆகும். இறங்கவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம். மதுரை மாதிரி குறுகிய தூரத்தில் முழு வேகத்தில் போகும் நேரம் மிகக் குறைவு. ஏறி முடித்த கையோடு இறங்கத் தொடங்கிவிடும்.

இறக்கையில் காற்றாடி சுழலும் ஏ.டி.ஆர். போன்ற சின்ன விமானங்களின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான். யாழ்ப்பாணம், தூத்துக்குடி போன்ற ஊர்களுக்கு இவைதான் பெரும்பாலும் போய்வருகின்றன. தூரம் குறைவாக இருந்தும் நேரம் குறையாததற்கு அதுவும் ஒரு காரணம்.

காற்றின் கை

பல்லாவரத்துக்காரர்கள் காலண்டரைப் பார்க்காமலே பருவத்தைச் சொல்லிவிடலாம். அண்ணாந்து பார்த்தால் போதும். கொக்கு எழும்பும்போது காற்றை எதிர்த்து எழும்புவதைப் போல, விமானமும் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் ஏறும், இறங்கும். தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து வீசும்போது விமானங்கள் மேற்குப் பார்த்துக் கிளம்பும். வடகிழக்குப் பருவக் காற்று திரும்பியதும் கிழக்கே கடலைப் பார்த்துக் கிளம்பும். சென்னையின் பெரிய ஓடுதளம் 3,600 மீட்டருக்கு மேல் நீளமுள்ளது. ஏறக்குறைய மேற்கு–கிழக்காக அது அமைந்திருப்பதே இந்தக் காற்றை அனுசரித்துத்தான்.

மேலே போனால் காற்று இன்னும் பெரிய வேலை செய்கிறது. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கும் அரபிக் கடலுக்கும் மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று ஓடும். துபாய்க்குப் போகும் விமானம் அதை எதிர்த்துப் போகும். திரும்பி வரும் விமானத்தை அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். அதனால் போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் கால் மணி முதல் அரை மணி வரை வித்தியாசம் வருவது சகஜம். ஆற்றில் பரிசல் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தென்மேற்குப் பருவ மாதங்களில் கதை மாறும். தரையில் மேற்குக் காற்று அடிக்கும் அதே ஆடியில், 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்று ஆறு ஓடுகிறது. அதைப் பற்றி 1958-ல் ஆய்வுக் கட்டுரை எழுதி உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலை விஞ்ஞானி பி. கோடேஸ்வரம். அந்தக் காற்று பலமாக ஓடும் பாதை சென்னையின் அட்சரேகையை ஒட்டியே இருக்கிறது. இன்றும் மீனம்பாக்கம் வானிலை நிலையத்திலிருந்து பலூன் விட்டு மேல்காற்றை அளக்கிறார்கள். விமானி பார்க்கும் காற்றுக் கணக்கும், விவசாயி கேட்கும் மழை அறிவிப்பும் இப்படிப்பட்ட அளவுகளிலிருந்துதான் வருகின்றன.

கடிகாரம் செய்யும் குழப்பம்

மகனைப் பார்க்க முதன்முறையாகத் துபாய் போகும் பெற்றோர், டிக்கெட்டில் ‘புறப்பாடு இரவு 10 மணி, சேரும் நேரம் 12.45’ என்று பார்த்ததும் இரண்டே முக்கால் மணி நேரப் பயணம் என்று நினைத்துவிடுவார்கள். இரண்டும் அந்தந்த ஊர்க் கடிகார நேரம். துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால் இருக்கிறது. அதையும் சேர்த்தால் உண்மையான பயணம் நாலே கால் மணி.

சிங்கப்பூருக்கு இது தலைகீழ். அங்கே நம்மைவிட இரண்டரை மணி முன்னால். இரவு 11 மணிக்குக் கிளம்பி அதிகாலை 5.45-க்குச் சேர்ந்தால், ஆறே முக்கால் மணி போலத் தெரியும். இரண்டரை மணியைக் கழித்தால் இதுவும் நாலே கால் மணிதான். இலங்கைக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கும் இங்கும் ஒரே நேரம். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் உள்ளூர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குழம்பாமல், எத்தனை மணி இடைவெளி என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

மிச்ச நேரம் தரையில்தான்

உசிலம்பட்டிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று தாம்பரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். விமானம் கிளம்ப இரண்டு மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். விமானத்தில் ஒன்றேகால் மணி. சென்னையில் பெட்டிக்காகக் காத்திருந்து வெளியே வர அரை மணி. அங்கிருந்து தாம்பரத்தில் இருக்கும் வீட்டுக்கு முக்கால் மணி. கூட்டினால் ஐந்தே முக்கால் மணி. அதில் விமானத்தில் உட்கார்ந்திருந்தது ஒன்றேகால் மணிதான்.

மதுரையிலிருந்து எழும்பூருக்குத் தேஜஸ் ரயில் ஆறேகால் மணி அளவிலும், வைகை எக்ஸ்பிரஸ் ஏழரை மணி அளவிலும் வந்துவிடுகின்றன. ரயில் நிலையம் ஊருக்கு நடுவில் இருக்கிறது. மூட்டை முடிச்சுக்குக் கெடுபிடி குறைவு. அரிசி மூட்டை, தேங்காய், முருங்கைக்காய் கட்டோடு வருகிறவர்களுக்கு விமானம் மிச்சப்படுத்தித் தரும் நேரத்தைவிட அதன் கட்டணம் பெரியது.

ஐரோப்பாவிலும் இதே கணக்குதான். லண்டனுக்கும் பாரிசுக்கும் வான்வழியில் 350 கிலோமீட்டர், நம் சென்னை–யாழ்ப்பாணம் தூரம்தான். விமானத்தில் ஒன்றேகால் மணி. ஆனால், 1994-ல் கடலுக்கு அடியில் சுரங்க ரயில் பாதை திறந்த பிறகு, இரண்டேகால் மணி சுமாரில் ஊர் நடுவிலிருந்து ஊர் நடுவுக்கே ரயில் போகிறது. அதனால் பெரும் கூட்டம் ரயிலுக்கு மாறிவிட்டது. பிரான்ஸ் ஒரு படி மேலே போய், இரண்டரை மணிக்குள் ரயிலில் போகக்கூடிய சில உள்நாட்டு ஊர்களுக்கு விமானமே கூடாது என்று 2023-ல் விதி கொண்டுவந்தது.

நீண்ட தூரத்துக்கு விமானத்தை விட்டால் வழியில்லை. அப்போதும் தரைக் கணக்குதான் முக்கியம். தஞ்சாவூர்க் குடும்பம் சிங்கப்பூர் போக வேண்டும் என்றால், திருச்சியிலிருந்து வான்வழியில் 2,980 கிலோமீட்டர், சென்னையிலிருந்து 2,920 கிலோமீட்டர். சென்னை 60 கிலோமீட்டர் பக்கம். விமானத்துக்கு அது ஐந்து நிமிடம் கூட இல்லை. ஆனால், தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையம் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம். சென்னைக்கு வர ஆறேழு மணி நேரம் ஆகும். 2024-ல் திருச்சியில் புதிய பெரிய முனையமும் வந்துவிட்டது. டிக்கெட்டில் ஆயிரம் ரூபாய் குறைகிறது என்று சென்னைக்கு வருகிறவர்கள், வாடகை வண்டிச் செலவையும் ஒரு நாள் வேலையையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

சென்னை வழியாகத்தான் போக வேண்டும் என்பவர்களுக்கு: தென் மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து விமான நிலையம் 18 கிலோமீட்டர் சுமார். மாநகரப் பேருந்து உண்டு. ரயிலில் வருகிறவர்கள் எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டாம். தாம்பரத்தில் நிற்கும் ரயிலாக இருந்தால் அங்கேயே இறங்கி, மின்சார ரயிலில் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டித் திரிசூலத்தில் இறங்கலாம். சாலையின் எதிர்ப்பக்கம்தான் விமான நிலையம்.

மல்லிகை காத்திருக்காது

மனிதன் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வான். மதுரை மல்லி பொறுத்துக்கொள்ளாது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூவை விடிவதற்கு முன் மொக்காகப் பறிக்க வேண்டும். சாதாரண வெப்பத்தில் விட்டால் அன்று மாலையே விரிந்துவிடும். விரிந்த பூவுக்கு வெளிநாட்டில் விலை இல்லை. அதனால்தான் மொக்கைத் தெர்மாகோல் பெட்டியில், ஐஸ் ஜெல் பைகளோடு அடுக்கி அனுப்புகிறார்கள். குளிர்ச்சி இருக்கும் வரை மொக்கு வாய் திறக்காது.

துபாய்க்குப் போகும் ஒரு பெட்டி மல்லியின் நேரத்தை உதாரணத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். பறித்துச் சந்தைக்கு வர மூன்று மணி. தரம் பிரித்துப் பெட்டி கட்ட இரண்டு மணி. விமான நிலையத்துக்கு இரண்டு மணி. சுங்கம், பாதுகாப்புச் சோதனை, எடை, ஏற்றுதல் எல்லாவற்றுக்கும் நாலு மணி. விமானத்தில் நாலு மணி. அங்கே இறக்கிக் கடைக்குப் போக மூன்று மணி. மொத்தம் 18 மணி. அதில் வானத்தில் கழிந்தது நாலு மணி மட்டும். விமானத்தின் வேகத்தை விவசாயியால் ஒரு நிமிடம்கூடக் கூட்ட முடியாது. மிச்சம் 14 மணியில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கிறது. வெயிலில் நின்ற ஒரு மணி நேரம், சரியில்லாத ஒரு காகிதம், தவறவிட்ட ஒரு விமானம், இதில் எது நடந்தாலும் பெட்டியில் இருக்கும் மொக்கு பூத்துவிடும்.

நெதர்லாந்து நாட்டுக்காரர்கள் இதைத்தான் சரியாகப் பிடித்தார்கள். ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஆல்ஸ்மீர் என்ற ஊரில் உலகின் மிகப்பெரிய பூ ஏல மையங்களில் ஒன்று இருக்கிறது. கென்யாவின் நைரோபியிலிருந்து சுமார் 6,700 கிலோமீட்டர், எட்டு மணி நேரத்துக்கு மேல் பறந்து வரும் ரோஜா அங்கே விற்பனைக்கு வருகிறது. நம் மல்லி துபாய் போகும் தூரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். தூரம் அந்த ரோஜாவைத் தடுக்கவில்லை. காரணம், தரையில் வேலை ஒழுங்காக நடக்கிறது. இன்னொரு விஷயம், அந்த ஏல மையம் பூ வளர்ப்பவர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவு அமைப்பு.

இங்கே 2020-ல் மத்திய அரசு ‘கிருஷி உடான்’ திட்டத்தைத் தொடங்கி, 2021 அக்டோபரில் அதை விரிவாக்கியது. விளைபொருள் விமானத்தில் போக உதவுவதே அதன் நோக்கம். தனி விவசாயி ஒருவர் இரண்டு பெட்டிப் பூவை வைத்துக்கொண்டு சரக்கு முனைய வாசலில் நிற்பது கட்டுப்படியாகாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து, பறிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே குளிர் அறை வைத்து, காகிதங்களை முன்கூட்டியே தயார் செய்தால்தான் அந்த 14 மணி நேரத்தைக் குறைக்க முடியும்.

அடிக்கடி எழும் கேள்விகள்

*பூவோ காயோ வெளிநாட்டுக்கு அனுப்ப என்னென்ன காகிதங்கள் வேண்டும்?*

ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீட்டு எண், அபெடா அமைப்பில் பதிவு, நோய் பூச்சி இல்லை என்ற தாவர நலச் சான்று ஆகியவை அடிப்படை. வாங்கும் நாட்டைப் பொறுத்துக் கூடுதலாகவும் கேட்பார்கள். தாவர நலச் சான்றுக்கான மத்திய அரசின் மண்டலத் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் மீனம்பாக்கத்தில், ஜி.எஸ்.டி. சாலையிலேயே இருக்கிறது.

*வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது விதை, செடி கொண்டு வரலாமா?*

அனுமதிச் சீட்டும், அந்த நாட்டின் தாவர நலச் சான்றும் இல்லாமல் கொண்டு வரக் கூடாது. ஆசைக்குக் கொண்டு வரும் ஒரு கன்றோடு புதுப் பூச்சியோ நோயோ வந்துவிட்டால், ஊரே பயிரை இழக்கும்.

*வெளிநாட்டு விமானத்துக்கு எத்தனை மணி முன்னால் வர வேண்டும்?*

மூன்று மணி நேரம். உள்நாட்டுக்கு இரண்டு மணி நேரம். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் எண்ணெய், தேன் எதுவும் வைக்க வேண்டாம். கொப்பரையை எடுத்துச் செல்ல வேண்டாம். அது எளிதில் தீப்பற்றும் பொருள்.

தரை யாருடையது?

விமானப் பயணத்தின் பெரும்பகுதி தரையில் நடக்கிறது என்றால், அந்தத் தரை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் வருகிறது. பல்லாவரத்தைச் சுற்றி இருக்கும் பொழிச்சலூர், கௌல் பஜார், அனகாபுத்தூர், கொளப்பாக்கம், மணப்பாக்கம் ஆகியவை ஏரிப் பாசனமும் ஆற்றுப் படுகையும் கொண்ட ஊர்களாக இருந்தவை. இன்று வீடுகளும், விமானச் சத்தமும். நிலையத்தின் இரண்டாவது ஓடுதளம் அடையாற்றைப் பாலம் போட்டுக் கடக்கிறது. 2015 டிசம்பர் 1-ம் தேதி மழையில் ஆறு பொங்கியபோது ஓடுதளத்திலேயே தண்ணீர் புகுந்தது. 6-ம் தேதி வரை நிலையம் மூடிக் கிடந்தது. அவசரத்துக்கு அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து விமானங்களை இயக்கினார்கள். அந்த நாட்களில் மதுரைக்கு ஒன்றேகால் மணி என்ற கணக்கு யாருக்கும் உதவவில்லை.

மீனம்பாக்கத்தில் இனி விரிவாக்க இடம் போதாது என்பதால், காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் வரும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. 2025 ஏப்ரலில் மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதலும் கிடைத்தது. பல்லாவரத்திலிருந்து சாலை வழியில் சுமார் 60 கிலோமீட்டர். தேவைப்படும் நிலம் 5,000 ஏக்கருக்கு மேல். அதில் நெல் வயல்களும் ஏரிகளும் அடக்கம். ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர்களின் மக்கள் அறிவிப்பு வந்த நாளிலிருந்தே எதிர்த்துப் போராடி வருகிறார்கள். கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடாமல் ஒதுங்கினார்கள். வளர்ச்சிக்கும் வேலைவாய்ப்புக்கும் புதிய நிலையம் அவசியம் என்பது அரசின் வாதம். ஏரியும் வயலும் போனால் திரும்ப வராது என்பது ஊரின் வாதம்.

இந்த விவாதத்திலும் பல்லாவரத்துக் கணக்கு கைகொடுக்கும். புதிய நிலையத்தால் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வானத்தில் ஆகும் நாலே கால் மணி மாறப்போவதில்லை. மாறப்போவது தரை நேரம். காஞ்சிபுரம், வேலூர்ப் பக்கத்து மக்களுக்கு அது குறையலாம். தாம்பரம், செங்கல்பட்டு, அதற்குத் தெற்கே இருக்கும் மக்களுக்குக் கூடலாம். பரந்தூருக்கு ரயிலும் சாலையும் எப்படி வருகின்றன, விளைபொருளுக்குக் குளிர்பதன வசதி எங்கே வைக்கிறார்கள், திருச்சி, மதுரை, தூத்துக்குடி நிலையங்களிலிருந்து நேரடி விமானங்கள் எத்தனை கூடுகின்றன என்பதைப் பொறுத்துத்தான் விவசாயிக்கு ஆதாயம் இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். தெற்கே இருக்கும் நிலையங்கள் பலப்பட்டால், தஞ்சாவூர்க் குடும்பமும் நிலக்கோட்டை மல்லியும் சென்னைக்கு வரவே தேவையிருக்காது.

அதுவரை, டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டால் போதும். வீட்டு வாசலிலிருந்து விமானத்தின் கதவு வரை எத்தனை மணி. வானத்தில் எத்தனை மணி. இறங்கிய இடத்திலிருந்து போய்ச் சேரும் வாசல் வரை எத்தனை மணி. மூன்றையும் கூட்டி, ரயிலோடும் பேருந்தோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டலாம். பூப்பெட்டிக்கும் இதே மூன்று வரிதான்.